வாசகர் கேள்வி: சீட்டு இல்லாத பறவை

கே: அருங்காட்சியகங்களில் ஒரே இனப் பறவையை நூற்றுக்கணக்கில் பாடம் செய்து இழுப்பறைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்களே, ஒன்றிரண்டு போதாதா? நல்ல போட்டோ எடுத்துக்கொண்டு மீதியைத் தூக்கிப் போடலாமே?

ப: அப்படித் தூக்கிப் போட்டிருந்தால் டிடிடி என்ற பூச்சிக்கொல்லி செய்த வேலை தெரிய இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்குமோ! பிரிட்டனில் பொரி வல்லூறுகளின் முட்டைகள் கூட்டிலேயே உடைவது ஏன் என்று டெரெக் ராட்க்ளிஃப் என்ற ஆய்வாளர் தேடியபோது அவருக்குக் கைகொடுத்தவை பழைய முட்டைத் தொகுப்புகள்தான். ஒவ்வொரு காலி முட்டை ஓட்டையும் எடைபோட்டு, நீள அகலம் அளந்து, வருடவாரியாக வைத்துப் பார்த்தார். 1940-களின் பிற்பகுதியிலிருந்து, அதாவது டிடிடி புழக்கத்துக்கு வந்த காலத்திலிருந்து, ஓடு மெலிந்திருந்தது. 1967-ல் அதை வெளியிட்டார். டிடிடி பூச்சியைக் கொல்லும் என்று கண்டுபிடித்ததே 1939-ல்தான், ஆக அந்தப் பழைய முட்டைகளைச் சேர்த்தவர்களுக்கு இப்படி ஒரு கேள்வி வரும் என்றே தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஒரே ஒரு முட்டை இருந்திருந்தால் எதோடு எதை ஒப்பிடுவது? போட்டோவை எடைபோடவும் முடியாது.

கே: தாத்தா சேர்த்த வண்ணத்துப்பூச்சிப் பெட்டி ஒன்று இருக்கிறது. சில பூச்சிகளுக்குக் கீழே பழுப்பாகப் பொடி கொட்டிக் கிடக்கிறது. அந்துருண்டை போட்டால் சரியாகிவிடுமா?

ப: ஆகாது. வண்டின் புழு ஒன்று உள்ளே இருந்து பூச்சியின் உடம்பைத் தின்றுகொண்டிருக்கிறது, பொடி அதன் எச்சம். (இதே குடும்பத்து வண்டுகளை, எலும்புக்கூட்டில் ஒட்டிய சதையைத் தின்ன வைப்பதற்காக அருங்காட்சியகங்கள் தனி அறையில் வளர்க்கின்றன. வளர்ப்பும் அவர்களே, விரட்டுவதும் அவர்களே!) அந்துருண்டை வாசனை புதிதாக வருவதை ஓரளவு தடுக்கலாம், உள்ளே இருப்பதைக் கொல்லும் என்று நம்ப முடியாது, அதை நாளெல்லாம் சுவாசிப்பது உங்களுக்கும் நல்லதில்லை.

பெட்டியை பாலித்தீன் பையில் போட்டு, முடிந்தவரை காற்றை வெளியேற்றி, இறுக்கிக் கட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் ஆசைப்பட்டு உடனே பிரித்துவிடாதீர்கள். குளிர்ச்சி முழுக்கப் போகும்வரை பை மூடியே இருக்கட்டும், இல்லையென்றால் ஈரம் பூத்து இறக்கைகள் பாழாகிவிடும். அப்புறம், பாடம் செய்த பழைய பறவை, விலங்கு ஏதாவது வீட்டில் இருந்தால் வெறுங்கையால் தொட வேண்டாம். அந்தக் காலத்தில் தோலுக்கு உள்பக்கம் ஆர்சனிக் சோப்பு பூசுவார்கள், சுத்தமான பாஷாணம் அது.

கே: அந்தப் பெட்டியை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா?

ப: பூச்சியைக் குத்தியிருக்கும் ஊசியில் சீட்டு இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள். எங்கே, எந்தத் தேதியில், யார் பிடித்தது என்பது இல்லாவிட்டால் அது அழகுப் பொருள், அவ்வளவுதான். 2009-ல் இங்கிலாந்தின் ட்ரிங் அருங்காட்சியகத்தில், தூண்டில் கொக்கியில் கட்டும் இறகுகளுக்காக ஒருவர் 299 பறவைத் தோல்களைத் திருடினார். திரும்பக் கிடைத்த பறவைகளிலும் பலவற்றின் காலில் கட்டியிருந்த சீட்டைக் கழற்றியிருந்ததால் ஆய்வுக்கு அவற்றின் மதிப்பு பெரும்பாலும் போய்விட்டது. ஆகவே தாத்தாவின் கையெழுத்து புரியாவிட்டாலும் அந்தத் துண்டுக் காகிதத்தை மாற்றாதீர்கள். புதிதாக எழுதுவதைத் தனிச் சீட்டில் பென்சிலால் எழுதி, பழையதோடு சேர்த்துக் குத்துங்கள். நோட்டுப் புத்தகம் ஏதாவது கிடைத்தால் பெட்டியோடு அதையும் கொடுத்துவிடுங்கள்.

கே: இவ்வளவு அரிய பொருட்களை வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கு இரவல் அனுப்புகிறார்களாமே, பயமில்லையா?

ப: பயம்தான். 2017-ல் பாரிஸிலிருந்து பிரிஸ்பேனுக்கு இரவலாகப் போன 105 பழைய உலர்தாவர மாதிரிகளை, ஆவணங்கள் சரியில்லை என்று ஆஸ்திரேலிய அதிகாரிகள் அழித்தேவிட்டார்கள். அதற்காகப் பூட்டி வைத்தால் மட்டும் பத்திரமா? 2018 செப்டம்பரில் ரியோ டி ஜெனிரோவின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது அங்கிருந்த சுமார் 2 கோடிப் பொருட்களில் பெரும்பகுதி போய்விட்டது. என்னைக் கேட்டால், அனுப்புவதோ இல்லையோ, படமும் சீட்டு விவரமும் இணையத்தில் ஏற வேண்டும். ஜிபிஐஎஃப் என்ற பொதுத் தளத்தில் எந்த உயிரினம் எங்கே, எப்போது காணப்பட்டது என்ற 200 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன, உங்கள் செல்போனிலேயே பார்க்கலாம். அருகிவரும் உயிரினம் என்றால் இடத்தைத் துல்லியமாகப் போடாமல் மங்கலாக்கித்தான் தருவார்கள். வேட்டைக்காரர்களும் இணையம் பார்க்கிறார்களே.