கையும் களவுமாகப் பிடித்த பிறகும் வக்கீல் ஏன் ‘பொறுங்கள்’ என்கிறார்?

கேள்வி: எங்கள் விற்பனைப் பிரிவில் 11 வருடமாக இருப்பவர் போலிப் பயண பில் கொடுத்துப் பணம் எடுத்திருக்கிறார். கேட்டதும் ‘தப்புதான் சார், மன்னிச்சிடுங்க’ என்று வாட்ஸ்அப்பில் எழுதியும் விட்டார். இன்றே வேலையை விட்டு நீக்கப் போனேன், எங்கள் வக்கீல் தடுக்கிறார். அவர் யார் பக்கம் என்றே தெரியவில்லை.

பதில்: உங்கள் பக்கம்தான். நானும் முதலாளிகள் தரப்பில் வழக்காடுகிறவன். இதே கோபத்தை அடிக்கடி பார்க்கிறேன். எந்த நாட்டில் நிறுவனம் நடத்துகிறீர்கள் என்று எழுதவில்லை, அதனால் நோட்டீஸ் காலம், கெடு நாட்களெல்லாம் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் தடுப்பதற்கான காரணம் மட்டும் பல நாடுகளுக்கும் பொது. வழக்கு போனால் இரண்டு கேள்விகள் தனித்தனியாக வரும்: இவர் தப்பு செய்தாரா? நீக்கிய விதம் சரியா? முதலாவதில் ஜெயித்து இரண்டாவதில் கோட்டைவிட்டவர்கள் நிறையப் பேர்.

நடத்தையைக் காரணம் காட்டி ஒருவரை நீக்குவதற்கு முன் அவர் பதில் சொல்ல வாய்ப்பு தரவேண்டும் என்கிறது சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 158-ஆம் உடன்படிக்கை (1982). அதை ஏற்காத நாடுகளும் உண்டு. ஆனால் ஏற்காத பிரிட்டனிலேயே, ‘முறையாக விசாரித்திருந்தாலும் இதே முடிவுதான் வந்திருக்கும்’ என்று சொல்லி நடைமுறைக் குறையிலிருந்து பொதுவாகத் தப்ப முடியாது என்று 1987-இல் போல்கி வழக்கில், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. நஷ்ட ஈடு குறைய அது உதவலாம், அவ்வளவுதான். இந்தியாவில் உள்விசாரணை பழுதானால், தீர்ப்பாயத்தின் முன் சாட்சிகளை நிறுத்தி நிர்வாகம் எல்லாவற்றையும் புதிதாக நிரூபிக்க வேண்டிவரும். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் காரணமே இல்லாமல் நீக்கலாம் என்பார்கள். அங்கேயும் பாகுபாடு என்று வழக்கு வந்துவிட்டால், நீங்கள் சொன்ன காரணம் நிஜமா, சாக்கா என்று தோண்டுவார்கள்.

இப்போது அந்த வாட்ஸ்அப். அதை நீங்கள் பெரிதாக நம்புகிறீர்கள், எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. எந்தத் தப்பு? எந்த பில்? ‘பில்லைத் தாமதமாகக் கொடுத்ததற்குத்தான் மன்னிப்புக் கேட்டேன்’ என்று ஆறு மாதம் கழித்துக் கூண்டில் நின்று சொன்னால் என்ன செய்வீர்கள்? அது துணைச் சான்று. உங்கள் வழக்கு நிற்கப்போவது சார்ஜ் மெமோவில், அதாவது குற்றச்சாட்டை எழுதி அவரிடம் விளக்கம் கேட்கும் கடிதத்தில்.

‘தாங்கள் நிறுவனத்தை ஏமாற்றியது நிரூபணமாகிவிட்டதால் விளக்கம் தருக’ என்று எழுதிவிட்டு வந்து நிற்பவர்கள் உண்டு. நிரூபணமாகிவிட்டதென்றால் விளக்கம் எதற்கு? எதிர்த்தரப்புக்கு அந்த ஒரு வரி போதும். இப்படி எழுதிப் பாருங்கள்: ‘மார்ச் 4, 11, 18 தேதிகளுக்குத் தாங்கள் கொடுத்த மூன்று வாடகைக் கார் பில்களின் எண்கள் 221, 222, 223. ஒரு வார இடைவெளியில் வாங்கிய பில்கள் ஒரே புத்தகத்தில் அடுத்தடுத்த எண்களாக இருப்பதற்குத் தங்கள் விளக்கம் என்ன?’ ஏமாற்றினார் என்ற சொல்லே இதில் இல்லை. படிப்பவருக்கு விஷயம் புரிந்துவிடும்.

விசாரிப்பவர் புகார் கொடுத்தவராக இருக்கக்கூடாது. சிறிய நிறுவனத்தில் ஆள் கிடைக்காவிட்டால் வெளியாரை வையுங்கள். முடிவு உண்மையிலேயே விசாரணைக்குப் பிறகு எடுக்கப்பட வேண்டும். நான் நடத்திய ஒரு வழக்கில் விசாரணை கச்சிதமாக நடந்திருந்தது. ஆனால் பணிநீக்க உத்தரவின் கணினிக் கோப்பு, விசாரணைக்கு இரண்டு நாள் முன்பே உருவானது. குறுக்கு விசாரணையில் அந்தத் தேதியை மட்டும் கேட்டார்கள். அன்று மாலையே சமரசத்துக்கு உட்கார்ந்தோம்.

ஆகவே மேலாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் ‘இவனை எப்படியாவது அனுப்பணும்’ போன்ற பேச்சு இன்றோடு நிற்கட்டும். பழையதை அழிக்காதீர்கள், அழித்தது தெரிந்தால் பில்லை விட்டுவிட்டு அதைத்தான் பேசுவார்கள். சட்ட ஆலோசனை கேட்டு வக்கீலுக்கு எழுதுவது பொதுவாக ரகசியம். மேலாளர்கள் தங்களுக்குள் எழுதும் மின்னஞ்சலில் அவர் பெயரை நகலுக்குச் சேர்த்துவிட்டால் மட்டும் அது ரகசியமாகிவிடாது.

இன்னொன்றையும் உங்கள் வக்கீல் கேட்பார், மழுப்பாதீர்கள்: இதற்கு முன் யாராவது இதே வேலையைச் செய்து எச்சரிக்கையோடு தப்பினாரா? அப்படி ஒருவர் இருந்தால் (அநேகமாக இருப்பார், உங்களுக்கு வேண்டப்பட்டவராகவும் இருப்பார்) இவருக்கு மட்டும் ஏன் பணிநீக்கம் என்பதற்கு இப்போதே பதில் தேடுங்கள். பதில் கிடைக்காவிட்டால் தண்டனையைக் குறைப்பதோ, பேசி ராஜினாமா வாங்குவதோ மலிவாக முடியலாம். மிரட்டி வாங்கினால் அதுவே இன்னொரு வழக்கு.

இன்று செய்யவேண்டியது, அந்த பில்களின் அசலைக் கணக்குப் பிரிவிலிருந்து எடுத்து, யார் எப்போது கொடுத்தார் என்று எழுதிக் கையெழுத்து வாங்கி, உறையில் வைத்து ஒட்டிவிடுவது. சார்ஜ் மெமோவை வக்கீல் பார்க்காமல் அனுப்பாதீர்கள்.