கோளாறு கணினியில், பழி விமானி மேல்

கேள்வி: இப்போதெல்லாம் விமானத்தைக் கம்ப்யூட்டர்தான் ஓட்டுகிறது என்கிறார்கள். அதில் கோளாறு வந்து விபத்து நடந்தால் பொறுப்பு விமானியா, தயாரித்த நிறுவனமா?

பதில்: போயிங் 737 மேக்ஸ் விமானங்களுக்கு நடந்ததைப் பாருங்கள். 2018 அக்டோபர் 29 அன்று ஜகார்த்தாவிலிருந்து கிளம்பிய லயன் ஏர் விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். ஐந்து மாதம்கூட ஆகவில்லை, 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் விமானம் விழுந்தது, 157 பேர். இரண்டிலும் இருந்தது எம்கேஸ் என்ற மென்பொருள். விமானத்தின் மூக்கு அளவுக்கு மேல் தூக்குகிறது என்று சென்சார் சொன்னால் அது தானாகவே மூக்கைக் கீழே இறக்கும். விமானத்தில் அந்தச் சென்சார் இரண்டு உண்டு, ஆனால் எம்கேஸ் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே கேட்டது. அந்த ஒன்று தப்பாகச் சொன்னதும் விமானி மேலே இழுக்க இழுக்க அது திரும்பத் திரும்பக் கீழே தள்ளியது. லயன் ஏர் விமானிகளுக்கோ இப்படி ஒன்று இருப்பதே தெரியாது, கையேட்டில் அதைப் பற்றி விளக்கமே இல்லை!

எம்கேஸ் எழுதியபடிதான் வேலை செய்தது. ஒரு சென்சாரை நம்பினால் போதும், விமானிக்குச் சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தது மனிதர்கள். அப்புறம் எப்படி விமானியைக் குற்றம் சொல்வது?

சரி, தண்டனை? 2021 ஜனவரியில் போயிங் 250 கோடி டாலருக்குச் சற்று அதிகமாகக் கட்ட ஒப்புக்கொண்டது. அதில் 177 கோடி விமான நிறுவனங்களுக்கு, இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 50 கோடி, குற்ற அபராதம் 24 கோடியைச் சற்றுத் தாண்டும். வியாபாரம் இழந்தவர்களுக்கு உயிர் இழந்தவர்களை விட மூன்று மடங்குக்கு மேல் போனதை என்னால் ஏற்கவே முடியவில்லை. தனி மனிதர் என்று குற்ற வழக்கைச் சந்தித்தது போயிங்கின் ஒரு முன்னாள் தொழில்நுட்ப விமானி மட்டும்தான், அவரையும் 2022இல் ஜூரி விடுவித்தது. மேலே இருந்து முடிவெடுத்த யாரும் கூண்டில் ஏறவில்லை.

கேள்வி: அப்படியானால் பழைய இயந்திரக் கட்டுப்பாடே நல்லதா?

பதில்: இல்லை. பழைய 737 விமானங்களில், வாலில் இருந்து திசை திருப்பும் சுக்கானின் வால்வு சிக்கி 1991இல் 25 பேரும் 1994இல் 132 பேரும் இறந்தார்கள், இரண்டாவது விபத்தின் காரணத்தைச் சொல்லவே 1999 ஆகிவிட்டது. மென்பொருளை வேகமாகத் திருத்தலாம் என்பது பெரிய வசதி. 2025 நவம்பரில், கடுமையான சூரியக் கதிர்வீச்சு கட்டுப்பாட்டுக் கணினியின் தரவைக் கெடுக்கலாம் என்று ஏர்பஸ் தானே அறிவித்தது. ஏ320 குடும்பத்தில் சுமார் 6,000 விமானங்கள், பெரும்பாலானவற்றில் பழைய மென்பொருளுக்குத் திரும்பியதும் சில நாட்களில் வேலை முடிந்தது. பயணிகளுக்குத் தொல்லைதான், ஆனால் மறைக்காமல் சொன்னார்களே, நான் எதிர்பார்ப்பது அதைத்தான்.

கேள்வி: இப்போது மேக்ஸில் ஏறலாமா?

பதில்: ஏறலாம். விபத்துகளுக்குப் பிறகு பறக்கத் தடை இருந்தது, 2020 நவம்பரில் அமெரிக்காவில் மறுபடி அனுமதி கிடைப்பதற்குள் எம்கேஸ் இரண்டு சென்சாரையும் ஒப்பிடும்படி மாற்றப்பட்டது, ஒரு தடவைக்கு மேல் தள்ளாது, விமானி இழுத்தால் அவர் கைதான் ஜெயிக்கும், சிமுலேட்டர் பயிற்சியும் கட்டாயம். இதில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவைப்படவில்லை, முதல் விமானத்தை விற்பதற்கு முன்பே செய்திருக்கலாம்.