பாளையங்கோட்டை வெயிலில் பழைய பிஎஸ்3 (பிளேஸ்டேஷன் 3 கேம் கன்சோல்) அரை மணி நேரத்தில் அணைந்துவிடுகிறது. சிப்புக்குப் போகும் வோல்டேஜைக் குறைத்தால் சரியாகுமா?

சூடு குறையும், ஆனால் அதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள்.

2006-இல் வந்த முதல் பிஎஸ்3-இன் பிராசசர் 90 நானோமீட்டர் அளவில் செய்த பழைய பாணிச் சிப். சூடு அதன் கூடப்பிறந்தது. அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர் அறையே நாற்பதைத் தொடும்போது ஃபேன் உள்ளே தள்ளுவதும் அனல்காற்றுதான். அதனால் முதலில் பிரித்துத் தூசியை எடுங்கள். சிப்பின் மேல் காய்ந்து சுண்ணாம்பாகிப்போன தெர்மல் பேஸ்ட்டை (சிப்பின் சூட்டை வெளியே கடத்தும் பசை) வழித்துப் புதிதாகப் பூசுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

அப்புறமும் சுட்டால் வோல்டேஜுக்கு வரலாம். சுமாரான சிப்பும் ஓட வேண்டும் என்று கம்பெனி கொஞ்சம் கூடுதலாகவே வைத்திருக்கும். சிப் தின்னும் மின்சாரம் வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறும்: 1.2 வோல்ட்டை 1.1 ஆக்கினால் சுமார் 16 சதவீதம் மிச்சம், வேகம் அப்படியே.

கணினி போல இதில் வோல்டேஜை மாற்ற மெனு கிடையாது, சால்டரிங் வேலை. சில போர்டுகளில் ரெகுலேட்டரின் (சிப்புக்கு வோல்டேஜ் கொடுக்கும் பகுதி) வெளியீட்டை இரண்டு ரெசிஸ்டர்கள் தீர்மானிக்கும். மேல் ரெசிஸ்டருக்கு (வெளியீட்டுப் பக்கம் இருப்பது) இணையாக இன்னொன்றை வைத்தால் வோல்டேஜ் இறங்கும். தவறிக் கீழ் ரெசிஸ்டருக்கு (கிரவுண்ட் பக்கம் இருப்பது) வைத்தால் ஏறும், சிப் போய்விடும். உங்கள் போர்டின் வரைபடம் பார்க்காமல் தொடவே தொடாதீர்கள்.

படிக்கு 25 மில்லிவோல்ட் வீதம் இறக்கி, ஒவ்வொரு முறையும் கனமான கேமை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். படம் உறைந்தாலோ திரையில் புள்ளி தெறித்தாலோ ஒரு படி ஏற்றுங்கள். கெப்பாசிட்டர் பழுதென்றால் முதலில் அதை மாற்றுங்கள். இல்லாவிட்டால் குறைந்த வோல்டேஜில் இன்னும் சீக்கிரம் உறையும். இந்தச் சோதனையைச் சாரல் மாதத்தில் செய்யாமல் மே மாத மத்தியானத்தில் செய்யுங்கள்.