ஸ்பூனில் நிற்க வேண்டும்: வீட்டிலேயே குழந்தை உணவு, கேள்வி பதில்

குழந்தைகள் வார்டில் உணவு ஆலோசகராகப் பல வருடம் வேலை பார்த்தவள் நான், வீட்டிலும் இரண்டு பேருக்கு ஊட்டி வளர்த்திருக்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, பாப்பாவுக்கு நாலரை மாதம். நாங்கள் சாப்பிடும்போது எங்கள் வாயையே பார்க்கிறாள். ஆரம்பித்துவிடலாமா?

அந்த வயதில் ஓடுகிற மின்விசிறியையும் அப்படித்தான் பார்ப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 6 மாதம் முடிந்த பிறகு, அதுவரை தாய்ப்பால் மட்டும். வயதோடு சேர்த்து மூன்று விஷயங்களைப் பாருங்கள்: தலை ஆடாமல் நிற்க வேண்டும், கொஞ்சம் தாங்கிப் பிடித்தால் உட்கார வேண்டும், வாயில் வைத்ததை நாக்கு வெளியே தள்ளாமல் இருக்க வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் கணக்கு மாறும், உங்கள் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

எட்டு மாதப் பையன். எல்லாவற்றையும் வேகவைத்து, மிக்சியில் அடித்து, தண்ணீர் விட்டு வடிகட்டி பாட்டிலில் கொடுக்கிறோம். வயிறு நிறையக் குடிக்கிறான், எடை மட்டும் ஏறவே இல்லை. என்ன தப்பு?

தப்பு அந்தத் தண்ணீரில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கிலோவுக்குச் சுமார் 30 கிராம்தான் கொள்ளும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். 8 கிலோ குழந்தைக்கு 240 கிராம், அதாவது ஒரு கப்புக்கும் கொஞ்சம் குறைவு. அந்தச் சின்ன இடத்தைத் தண்ணீரால் நிரப்பினால் வயிறு நிறையும், சத்து போகாது, அடுத்த பாலும் குறைந்துவிடும். நான் வார்டில் தாய்மார்களுக்குக் காட்டுவது ஒரே ஒரு சோதனை. ஒரு ஸ்பூன் எடுத்து லேசாகச் சாயுங்கள். குவியலாக நின்று, ஓரத்தில் மெதுவாக நகர்ந்து, சொத்தென்று ஒரே கட்டியாக விழுந்தால் சரி, நூல் மாதிரி ஒழுகினால் அது உணவு இல்லை, உணவு கழுவிய தண்ணீர். (கோபிக்காதீர்கள், என் முதல் குழந்தைக்கு நானும் இரண்டு மாதம் அதைத்தான் கொடுத்தேன்.)

பாட்டிலை விட்டுவிட்டுக் கிண்ணமும் ஸ்பூனும் எடுங்கள். வடிகட்டவே வேண்டாம். மசித்ததில் அரை டீஸ்பூன் எண்ணெயோ வெண்ணெயோ கலந்தால் அளவு கூடாமலே சக்தி கூடும். கஞ்சி ரொம்பக் கெட்டியாகி விழுங்கக் கஷ்டப்படுகிறான் என்றால், தண்ணீர் ஊற்றுவதற்குப் பதில் முளைகட்டி உலர்த்தி அரைத்த தானிய மாவு ஒரு ஸ்பூனைச் சூடான கஞ்சியில் கலந்து, ஒரு தடவை மறுபடி கொதிக்கவிட்டு இறக்குங்கள். முளையில் இருக்கிற என்சைம் மாவுச்சத்தை உடைத்து இளக்கிவிடும், சத்து அப்படியே இருக்கும். இவ்வளவும் சொன்னாலும், எடை ஏறவில்லை என்பதை மருத்துவர் ஒரு முறை பார்த்தே ஆக வேண்டும்.

முதலில் காயா பழமா? பழம் கொடுத்துப் பழக்கினால் அப்புறம் காய் சாப்பிடாது என்கிறார்கள்.

எதில் ஆரம்பித்தாலும் பரவாயில்லை. இரும்புச்சத்தைத்தான் யாரும் கேட்பதில்லை. வயிற்றில் இருக்கும்போது சேர்த்துக்கொண்டு வந்த இரும்பு 6 மாதம் வாக்கில் தீர ஆரம்பிக்கும், தாய்ப்பாலில் அது குறைவு. அமெரிக்கப் பரிந்துரையில் 7 முதல் 12 மாதக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 11 மில்லிகிராம், வளர்ந்த ஆணுக்கு 8 தான்! கேரட்டும் ஆப்பிளுமே மாற்றி மாற்றிக் கொடுத்தால் அது எங்கிருந்து வரும்? முட்டை, நன்றாக வெந்து அரைத்த கறி, முள் நீக்கிய மீன், சைவம் என்றால் குழைய வெந்த பருப்பு. பருப்போடு ஆரஞ்சோ தக்காளியோ ஏதாவது ஒன்று சேர்ந்தால் வைட்டமின் சி அந்த இரும்பை உடம்பில் சேர்க்க உதவும்.

உப்பு, சர்க்கரை இல்லாமல் சப்பென்று இருக்குமே, எப்படிச் சாப்பிடும்?

சப்பென்று இருப்பது உங்கள் நாக்குக்கு. பிரிட்டன் சுகாதாரத் துறை ஒரு வயதுக்குள் ஒரு நாளைக்கு 1 கிராம் உப்புக்கும் கீழே என்கிறது, பாலிலும் உணவிலும் இயல்பாக இருப்பதையும் சேர்த்து. அதனால் தனியாகச் சமைக்காதீர்கள், வீட்டுக்கு வேகிற பானையிலிருந்தே உப்பு போடுவதற்கு முன்னால் இரண்டு கரண்டி எடுத்து வைத்தால் வேலை முடிந்தது. தேன் ஒரு வயது வரை ஒரு சொட்டுகூட வேண்டாம். அதில் இருக்கக்கூடிய, பொட்டுலிசம் என்கிற ஆபத்தான நோயைத் தரும் கிருமியின் வித்துகள் சாதாரணமாகக் கொதிக்கவைத்தாலும் சாகாது.

நான் அப்பா. மனைவி வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள், ஞாயிற்றுக்கிழமை ஒரு வாரத்துக்குச் செய்து வைக்கலாமா?

தாராளமாக, தம்பி. ஐஸ் தட்டு ஒன்று போதும், ஒரு குழி ஏறக்குறைய இரண்டு டேபிள்ஸ்பூன். மசித்ததை ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள், உறைந்ததும் பையில் மாற்றித் தேதி எழுதுங்கள். தேதி எழுதாதது எல்லாம் ஒரு மாதம் கழித்து ஒரே பழுப்பு நிறக் கட்டிதான், பூசணியா பருப்பா என்று மோந்து பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். ஃப்ரீசரில் ஒரு மாதம் தாங்கும், ஃப்ரிட்ஜில் ஒன்றிரண்டு நாள்தான். சோறு கலந்ததை மட்டும் இன்னும் சீக்கிரம், ஒரு மணி நேரத்துக்குள் குளிர்விக்க வேண்டும். அரிசியில் இருக்கிற ஒரு வகைக் கிருமியின் வித்து வெந்த பிறகும் பிழைத்து, வெளியில் வைத்தால் பெருகி விஷத்தை உண்டாக்கும், அந்த விஷம் திரும்பச் சூடுபடுத்தினாலும் போகாது.

எடுக்கும்போது ஆவி பறக்கிற அளவுக்கு ஒரே ஒரு முறை சூடாக்கி, ஆறவைத்துக் கொடுங்கள். ஸ்பூன் வாய்க்குப் போய்த் திரும்பிய கிண்ணத்தில் மிச்சமானதை எடுத்து வைக்காதீர்கள், எச்சில் பட்டுவிட்டது. மைக்ரோவேவ் என்றால் நடுவரை கிளறியே ஆக வேண்டும். நான் ஒரு தடவை ஓரத்தை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு நடுவிலிருந்து ஊட்டினேன், பெரியவன் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

வேர்க்கடலை, முட்டை எல்லாம் ஒரு வயதுக்கு மேல்தானே? அலர்ஜி பயமாக இருக்கிறது.

முன்பு அப்படித்தான் நாங்களும் சொன்னோம், அது மாறிவிட்டது. 2015-இல் லண்டனில் அலர்ஜி ஆபத்து அதிகமுள்ள 640 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. சீக்கிரமே வேர்க்கடலை சாப்பிட ஆரம்பித்தவர்களிடம் 5 வயதில் அந்த அலர்ஜி சுமார் 80 சதவீதம் குறைவாக இருந்தது. அதனால் தள்ளிப்போடாதீர்கள். முழுக் கடலை மட்டும் 5 வயது வரை கூடாது, தொண்டையில் சிக்கும். நைசாக அரைத்து, கஞ்சியில் இளக்கி, நுனி ஸ்பூன் அளவு, பகல் நேரத்தில். முட்டையை நன்றாக வேகவைத்து. ஏற்கெனவே கடுமையான கரப்பான் (எக்சிமா என்கிற தோல் நோய்) அல்லது வேறு உணவு அலர்ஜி இருக்கிற குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம்.

கட்டியாகக் கொடுத்தால் குமட்டுகிறாள், பயந்துபோய்த் திரும்ப மிக்சிக்கே போய்விட்டேன். பத்து மாதம்.

குமட்டினால் சத்தம் வரும், முகம் சிவக்கும், தானே வெளியே தள்ளிவிடும். புரையேறி மூச்சு அடைத்தால் சத்தமே வராது, இருமக்கூட முடியாது, அதற்கான முதலுதவியை வீட்டில் எல்லோரும் கற்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்வது குமட்டல், அது பழகுகிற வழி. 9 மாதத்துக்குள் கட்டிகள் பழகாத குழந்தைகள் பின்னால் சாப்பாட்டில் அதிகம் அடம்பிடிப்பதாகப் பார்த்திருக்கிறார்கள். முள்கரண்டியால் அரைகுறையாக மசியுங்கள், விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் நசுங்க வேண்டும், அவ்வளவுதான். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள், குறுக்கே வெட்டினால் அது இன்னும் உருண்டைதான்.

டயப்பரில் கறுப்பு நூல் மாதிரி! புழுவா?

நேற்று வாழைப்பழம் கொடுத்தீர்களா? அதன் நார்தான். பீட்ரூட் கொடுத்த மறுநாள் சிவப்பாக வரும், அதற்கும் இப்போதே தயாராக இருங்கள்.

ஏழு மாதம். நேற்று நான்கு ஸ்பூன் சாப்பிட்டான், இன்று வாயைத் திறக்கவே இல்லை. ஒரு மணி நேரம் போராடினேன், அழுகையே வந்துவிட்டது.

தங்கச்சி, முகத்தைத் திருப்பினால் போதும் என்று அர்த்தம், அங்கேயே நிறுத்திவிடுங்கள். இந்த வயதில் ஒரு வேளைக்கு இரண்டு மூன்று டேபிள்ஸ்பூனில் ஆரம்பித்து மெல்ல அரை கப் வரை ஏறினால் போதும், இரண்டு மூன்று வேளை, நடுவில் பால் வழக்கம்போல. புது ருசியை எட்டுப் பத்து தடவை துப்பிவிட்டு அப்புறம் சாப்பிடுகிற பிள்ளைகள் நிறைய. இருபது நிமிஷத்துக்கு மேல் உட்காராதீர்கள். கிண்ணத்தில் மிச்சமானதில் கொஞ்சம் உப்பும் மிளகும் போட்டு நீங்கள் சாப்பிட்டுவிடுங்கள், நீங்களும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள்.