கர்ப்ப காலத்தில் மனநலப் பரிசோதனை: கேட்டவையும் என் பதில்களும்

செக்கப்புக்குப் போன இடத்தில் மனதைப் பற்றிக் கேள்வி கேட்கிறார்களே, எதற்கு என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். நான் மனநல மருத்துவர். வாரத்தில் ஒரு நாள் மகப்பேறு புறநோயாளிப் பிரிவிலும் உட்காருகிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். ஊர், பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

கேள்வி (ஐந்தாம் மாதம், முதல் குழந்தை): ஸ்கேன், சர்க்கரை எல்லாம் நார்மல். இந்த முறை பத்துக் கேள்வி உள்ள ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். "கடந்த ஏழு நாட்களில் உங்களால் சிரிக்க முடிந்ததா" என்றெல்லாம் இருந்தது. என்னைப் பார்த்தால் மனநோயாளி மாதிரியா தெரிகிறது மேடம்?

பதில்: இல்லைம்மா. குளுக்கோஸ் தண்ணீர் குடிக்க வைத்து ரத்தம் எடுத்தார்களே, அன்று உங்களைச் சர்க்கரை நோயாளி என்றா நினைத்தார்கள்? அதுபோல இதுவும் எல்லோருக்கும் கொடுப்பதுதான். ஆளைப் பார்த்துக் கொடுத்தால் பாதிப் பேரைத் தவறவிடுவோம். நன்றாக உடுத்தி, சிரித்துப் பேசி, வீட்டுக்குப் போய் அழுகிறவர்கள் நிறைய.

உங்களுக்குக் கொடுத்தது எடின்பரோ அளவுகோல். 1987இல் ஸ்காட்லாந்தில் ஜான் காக்ஸும் அவருடைய சகாக்களும் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்காக உருவாக்கியது. பிறகு கர்ப்ப காலத்திலும் பயன்பட ஆரம்பித்தது. அதில் பசி, அசதி பற்றிக் கேள்வியே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? வழக்கமான மனச்சோர்வுப் படிவங்கள் அவற்றைத்தான் கேட்கும். மசக்கையில் சோறு இறங்காததையும் மனச்சோர்வில் இறங்காததையும் தாளில் பிரித்தறிய முடியாது. அதனால் இதில் சிரிப்பு, எதிர்பார்ப்பு, தன்னையே குறை சொல்லிக்கொள்வது, காரணமில்லாத பயம், அழுகை என்று மனதையே நேராகக் கேட்கிறார்கள். தூக்கம் பற்றிய ஒரே கேள்விகூட "வருத்தத்தால் தூக்கம் கெடுகிறதா" என்றுதான் வரும்.

கேள்வி (ஏழாம் மாதம்): எனக்கு 12 மார்க் வந்தது. நெட்டில் பார்த்தால் 13 என்றால் டிப்ரஷன் என்று போட்டிருக்கிறது. ஒரு மார்க்கில் தப்பித்துவிட்டேனா?

பதில்: இது பரீட்சை இல்லை, தப்பிக்கவும் மாட்டிக்கொள்ளவும். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 30. ஆங்கில வடிவத்தில் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்கச் சொல்வார்கள். 13 அல்லது அதற்கு மேல் என்றால் மனச்சோர்வுக்கு வாய்ப்பு அதிகம் என்பார்கள். தமிழ் வடிவத்தை வேலூரில் தாய்மார்களிடம் சோதித்தபோது எல்லைக்கோடு அதைவிடக் கீழே, 8க்கும் 9க்கும் இடையிலேயே வந்தது. நம் பெண்கள் "எப்போதும்" என்று டிக் போடத் தயங்குவார்கள் என்பது என் ஊகம்.

ஆக, 12 என்றால் உங்களிடம் யாராவது உட்கார்ந்து பேச வேண்டும் என்றே அர்த்தம். நோய் என்று முடிவு செய்வது அந்தப் பேச்சில்தான், தாளில் இல்லை. தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்துவிடச் சொல்லுங்கள். இரண்டில் எது தவறினாலும் மனமும் உடம்போடு சேர்ந்து சோர்ந்துவிடும். லேசான நிலை என்றால் ஆலோசனையே பெரும்பாலும் போதும். இரண்டு வாரம் கழித்து அதே தாளை மறுபடி நிரப்புங்கள்.

கேள்வி (எட்டாம் மாதம்): நர்ஸம்மா கேள்விகளைச் சத்தமாகப் படித்தார்கள். பக்கத்தில் என் மாமியார். எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போது மார்க் பூஜ்யம்.

பதில்: உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த இடத்தில் நானாக இருந்தாலும் "இல்லை" என்றுதான் சொல்லியிருப்பேன். இந்தப் பரிசோதனை எங்கள் பக்கம் தோற்றுப்போகும் இடமே இதுதான். தாள் சரி, மொழிபெயர்ப்பும் சரி, நாற்காலி போட்ட இடம் தப்பு.

வேலூருக்குப் பக்கத்தில் கணியம்பாடி ஒன்றியத்தில் ஓர் ஆய்வு நடந்தது. 2002இல் வெளியானது. கடைசி மூன்று மாதத்தில் இருந்த 359 பெண்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 சதவீதம். யாருக்கு வந்தது என்று பார்த்தால்: வருமானம் குறைவு, ஆண் குழந்தையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கர்ப்பத்தின்போது நடந்த துக்கங்கள், கூடமாட வேலைக்கு ஆள் இல்லாமை. இப்படி ஒரு பட்டியல் இருக்கும்போது, அதில் வரக்கூடிய ஆளைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டு "உங்களுக்கு வருத்தமாக இருக்கிறதா" என்று கேட்டால் என்ன பதில் கிடைக்கும்?

எங்கள் பிரிவில் எடை பார்க்கும் மெஷின் ஒரு திரைக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே கர்ப்பிணி மட்டும்தான் போவார். கேள்விகளையும் அங்கேயே மாற்றிவிட்டோம். வெளியில் "நல்லா இருக்கேன்" என்றவர், மெஷினை விட்டு இறங்கிச் செருப்பைத் தேடிக்கொண்டே, "ராத்திரியெல்லாம் நெஞ்சு படபடன்னு அடிக்குது, யார்கிட்டயும் சொல்லல" என்பார். நீங்களும் அடுத்த முறை எடை பார்க்கும்போதோ ரத்த அழுத்தம் பார்க்கும்போதோ, "நான் தனியாகப் பேசணும்" என்று ஒரு வரி சொல்லுங்கள். புரிந்துகொள்வார்கள். வீட்டில் அடி உதை இருந்தால் அதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம்): பத்தாவது கேள்விக்கு உண்மையைச் சொன்னால் போலீஸ் வருமா? குழந்தை பிறந்ததும் என்னிடமிருந்து பிரித்துவிடுவார்களா?

பதில்: பத்தாவது கேள்வி, தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் மொத்த மார்க் பொருட்டே இல்லை. "எப்போதாவது" என்று டிக் போட்டால்கூட அன்றைக்கே ஒருவர் உங்களோடு பேச வேண்டும்.

எண்ணம் வந்தது என்று மருத்துவரிடம் சொல்வது குற்றமே இல்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் தேவையான அளவுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதே சட்டம், சிகிச்சைக்காகச் சேரும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினால்தான் பிரிக்கலாம், அதுவும் தற்காலிகமாக. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயையும் சேயையும் ஒன்றாகவே சேர்த்துக்கொள்ளும் வார்டு 2009 முதல் இருக்கிறது.

நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்தால் உங்களுக்கு அந்த எண்ணம் வந்திருக்கிறது என்றே படுகிறது. இதைப் படித்ததும் 14416க்கு அழையுங்கள். டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். பேசிவிட்டு, வீட்டில் நீங்கள் நம்பும் ஒருவரிடம் "இன்னைக்கு என்கூட இரு" என்று சொல்லுங்கள். நாளை காலை மருத்துவமனைக்கும் அவரோடேயே வாருங்கள். எண்ணம் அடக்க முடியாதபடி வந்தால் காலைவரை காத்திருக்க வேண்டாம், 108தான்.

கேள்வி: மூன்று வருடமாக மனச்சோர்வுக்கு செர்ட்ரலின் எடுக்கிறேன். நாள் தள்ளிப்போய் உறுதியானதும் அம்மா மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டார்.

பதில்: அம்மாவின் பயம் புரிகிறது. ஆனால் திடீரென நிறுத்தினால் பழைய நோய் திரும்பி வர வாய்ப்பு அதிகம். கர்ப்பத்தில் நோய் திரும்புவது குழந்தைக்கும் நல்லதில்லை. செர்ட்ரலின், கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் நாங்கள் அதிகம் தேர்ந்தெடுக்கும் மருந்துகளில் ஒன்று. இந்த வாரமே உங்கள் மருத்துவரைப் பாருங்கள். வலிப்புக்கும் சில மனநோய்களுக்கும் தரும் வால்புரோயேட் எடுப்பவர்கள் கதை வேறு. அது கருவின் முதுகுத்தண்டையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்கக்கூடியது. கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே மாற்றியிருக்க வேண்டும். அவர்களும் தாமாக நிறுத்தாமல், அன்றைக்கே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

கேள்வி (கணவர்): மனைவிக்குப் பிரசவமாகி ஆறு நாள். மூன்று ராத்திரியாகத் தூங்கவில்லை, ஆனால் களைப்பும் இல்லை. "இது என் குழந்தை இல்லை, மாற்றிவிட்டார்கள்" என்கிறார். காற்று கருப்பு அடித்திருக்கும், மந்திரிக்கலாம் என்கிறார்கள் வீட்டில்.

பதில்: தம்பி, இன்றைக்கே, இப்போதே மருத்துவமனை. வண்டி இல்லையென்றால் 108. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு இப்படி வரும், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள். சிகிச்சையில் நன்றாகக் குணமாகும். அதுவரை குழந்தையோடு அவரைத் தனியாக விடாதீர்கள், அவரையும் தனியாக விடாதீர்கள். அவரோடு வாக்குவாதம் வேண்டாம். மந்திரிப்பதைக் குணமான பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பிரசவமான மூன்றாம் நாள் அழுகை என்று கேட்ட மற்றவர்களுக்கு: அது வேறு. பாதிக்கும் மேற்பட்ட தாய்மார்களுக்கு வரும், இரண்டு வாரத்துக்குள் தானே போய்விடும். போகவில்லையென்றால் வாருங்கள்.

கேள்வி (கிராம சுகாதார செவிலியர்): ஒரே நாளில் அறுபது தாய்மார். பத்துக் கேள்விக்கு நேரம் ஏது மேடம்?

பதில்: நியாயம். அப்படியானால் இரண்டே கேள்வி கேளுங்கள் சிஸ்டர்: கடந்த ஒரு மாதத்தில் மனம் சோர்ந்து, நம்பிக்கையற்று இருந்ததுண்டா? எதிலும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் இருந்ததுண்டா? பிரிட்டனில் இவற்றைத்தான் முதலில் கேட்கச் சொல்கிறார்கள். ஒன்றுக்காவது "ஆமாம்" என்றால் மட்டும் பத்துக் கேள்வித் தாள். ஆனால் "ஆமாம்" என்றவரை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் கேட்க ஆரம்பிக்காதீர்கள். உங்கள் வட்டாரத்துக்கு மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார் என்பதைக் கேட்டு, மேசையில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

அனுப்புவதற்கு முன்னால் நீங்களே செய்யக்கூடியதும் உண்டு. பாகிஸ்தானில் ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில், உங்களைப் போல வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பேச்சு சிகிச்சையின் அடிப்படைகளைக் கற்றுக்கொடுத்தார்கள். ஆறு மாதத்தில், அவர்கள் பார்த்த தாய்மாரில் 23 சதவீதம் பேருக்கு மட்டுமே மனச்சோர்வு மீதமிருந்தது. இந்தப் பயிற்சி பெறாத பணியாளர்கள் பார்த்த குழுவில் 53 சதவீதம். 2008இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அந்தச் சிகிச்சையைக் கொடுத்தது மனநல மருத்துவர்கள் இல்லை.

கேள்வி (ஒரு மாமியார்): எல்லாரும் எங்களையே குறை சொல்கிறீர்கள். என் மருமகளுக்கு நான் என்ன செய்யட்டும், அதைச் சொல்லுங்கள்.

பதில்: கேட்டதற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு அம்மா. பத்தியச் சாப்பாட்டைவிட முக்கியமாக ஒன்று சொல்கிறேன்: ராத்திரி பால் கொடுத்து முடித்ததும் குழந்தையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த பால் வரை ஏப்பம் விடவைப்பது, துணி மாற்றுவது, தோளில் போட்டு நடப்பது எல்லாம் உங்கள் பொறுப்பு, இல்லை உங்கள் மகன் பொறுப்பு. அவள் தூங்கட்டும். அப்புறம், செக்கப்புக்குக் கூடப் போனால், நர்ஸ் கேள்வி கேட்க ஆரம்பித்ததும் "நான் வெளியில இருக்கேன்" என்று எழுந்து போய்விடுங்கள்.