இடித்துத் தள்ளச் சொன்ன பையன்கள்

அன்புள்ள சார்,

நேற்று யூட்யூபில் எதையோ தேடப்போய், பெரு நாட்டின் லாஸ் சைகோஸ் என்ற இசைக்குழுவின் ‘தெமோலிசியோன்’ (இடித்துத் தள்ளல்) பாட்டில் போய் விழுந்தேன். 1965இல் வந்ததாம். பங்க் ராக் என்ற முரட்டு இசை கிளம்புவதற்குப் பத்து வருடம் முன்பே இப்படிக் கத்தியிருக்கிறார்கள்! ஆனால் அந்தக் காலத்தில் யாரும் கண்டுகொள்ளவில்லை, அப்புறம் ராணுவ ஆட்சி வந்து நசுக்கிவிட்டது என்று நண்பர் ஒருவர் சொன்னார். காலத்தை முந்திப் பிறந்தவர்களின் கதி எல்லா ஊரிலும் இதுதானா? அறுபதுகளின் ‘கராஜ் ராக்’ பற்றிக் கொஞ்சம் எழுதுங்களேன்.

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

நீங்கள் விழுந்த அதே பள்ளத்தில்தான் நானும் விழுந்தேன். தா தா தா, யா யா யா என்று பாடகர் எர்வின் ஃப்ளோரெஸ் தொண்டையைக் கிழித்துக்கொண்டு வருவாரே, அந்த இடத்தில் அடுத்த அறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்து, “யாருக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டாள். ரயில் நிலையத்தை இடித்துத் தள்ளுவோம் என்கிறார்கள் என்றேன். “எதுக்கு?” என்றாள். பாட்டில் அதற்குக் காரணம் எதுவும் கிடையாது. இடிக்கப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

நண்பர் சொன்னதில் இரண்டு தவறுகள். முதலில் ராணுவம். ஜெனரல் வெலாஸ்கோ ஆட்சியைப் பிடித்தது 1968 அக்டோபரில். சைகோஸ் 1966லேயே கடையைக் கட்டிவிட்டார்கள். அந்த ஆட்சிக்கு ராக் இசை பிடிக்கவில்லை என்பது உண்மைதான். 1971இல் தலைநகர் லிமாவுக்கு வாசிக்க வந்த சந்தானா என்ற அமெரிக்க ராக் குழுவை வந்த வழியே திருப்பி அனுப்பினார்கள். ஆனால் சைகோஸை நசுக்க அப்போது சைகோஸே இல்லை.

இரண்டாவது, யாரும் கண்டுகொள்ளவில்லை என்பது. லிமா நகரின் லின்சே பகுதிப் பையன்கள் நான்கு பேர். ‘சாடிஸ்டுகள்’ என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்லில் ஓர் எழுத்தைக் கழற்றிவிட்டுப் பெயர் வைத்துக்கொண்டார்கள். 1965, 66 இரண்டு வருடங்களில் ஆறு சின்ன இசைத்தட்டுகள், மொத்தம் 12 பாட்டு. முழுநீள ஆல்பம் ஒன்றுகூட இல்லை. ஆனால் லிமாவில் அவர்களைத் தெரியாத இளைஞர்கள் குறைவு. வானொலியில் ஒலித்தார்கள், தொலைக்காட்சியில் வந்தார்கள், சினிமா கொட்டகைகளின் காலைக் காட்சிகளில் மேடையேறினார்கள். ஊர் கொண்டாடத்தான் செய்தது. பிற்பாடு மறந்தது. நமக்கோ அவர்களை முதலிலேயே தெரியாது. நமக்குத் தெரியாததை ‘மறக்கப்பட்டது’ என்று சொல்லிக்கொள்வதில் நமக்கொரு சுகம் இருக்கிறது.

கராஜ் என்றால் கார் ஷெட். கராஜ் ராக் என்பதன் பிழைப்பே அப்படிப்பட்டதுதான். 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றிய பிறகு, தெருவுக்கு நான்கு பையன்கள் கிட்டார் வாங்கிக் கார் ஷெட்டில் புகுந்தார்கள். உள்ளூர்க் கம்பெனி ஒன்று சில நூறு தட்டு போடும், உள்ளூர் வானொலி அதைச் சுழற்றும், பக்கத்து மாநிலத்துக்குச் செய்தி போகாது. அப்புறம் கல்லூரி, வேலை, வியட்நாம் போருக்கு ஆள் சேர்ப்பு. லெனி கே என்ற இசை விமர்சகர் 1972இல் இப்படிப்பட்ட பாட்டுகளைப் பொறுக்கி ‘நக்கெட்ஸ்’ என்ற இரட்டை ஆல்பமாக வெளியிட்டார். அதற்குப் பிறகுதான் சேகரிப்பாளர்கள் பழைய தட்டுக் குவியல்களில் கைவிட்டுத் துழாவ ஆரம்பித்தார்கள். சைகோஸை மறுபடி வெளியே கொண்டுவந்ததில் ஸ்பெயின்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

கதி என்ன என்று கேட்டீர்கள். ஃப்ளோரெஸ் அமெரிக்கா போனார், படித்தார், நாசாவில் வேலை பார்த்தார். பரிதாபப்பட என்ன இருக்கிறது? கிட்டார் வாசித்த ரோலாந்தோ கார்ப்பியோ 2005இல் இறந்தார். அடுத்த வருடம் லின்சேயில் ஒரு தெருமுனையில் பலகை வைத்தார்கள்: உலகின் பங்க் ராக் இயக்கம் பிறந்தது இங்கேதான் என்று. எனக்கு அந்தப் பலகை ஒட்டவில்லை. எழுபதுகளில் நியூயார்க்கிலும் லண்டனிலும் கத்தியவர்கள் இந்தத் தட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் இல்லை. பிள்ளைக்குத் தெரியாத அப்பா என்ன அப்பா? இடிக்கச் சொல்லிப் பாடியவர்களுக்கு நகராட்சி கல்வெட்டு வைப்பது வேறு கொஞ்சம் சிரிப்பாகவும் இருக்கிறது.

‘முன்னோடி’ என்று சொல்லிவிட்டால் அந்த ஒரே பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் போடுவோம். பூனைகளை அடக்கம் செய்வதைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது, அல்கட்ராஸ் சிறையிலிருந்து தப்பியவனைப் பற்றி ஒன்று, கல்லறைத் தோட்டத்தைப் பற்றி ஒன்று. 12 பாட்டும் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், கேளுங்கள். ‘தெமோலிசியோன்’ தட்டைத் திருப்பிப் போட்டால் ‘லோன்லி ஸ்டார்’. நிதானமான, கொஞ்சம் சோகமான பாட்டு. ரயில் நிலையத்தை இடித்துவிட்டு வந்த அதே பையன்கள்தான். அது ஓடியபோது மனைவி எட்டிப் பார்க்கவில்லை.