ரெடிஸிலிருந்து வால்கீ: கேள்வி பதில்

கே: என்னதான் நடந்தது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ப: ரெடிஸ் என்பது தரவை நினைவகத்தில் வைத்து வேகமாகத் தரும் மென்பொருள். 2024 மார்ச் 20-ல் ரெடிஸ் நிறுவனம், தாராளமாகப் பயன்படுத்த விடும் பிஎஸ்டி உரிமத்தைக் கைவிட்டது. 7.4 பதிப்பு முதல், கட்டுப்பாடு கூடிய ஆர்எஸ்ஏஎல் அல்லது எஸ்எஸ்பிஎல் உரிமம். எட்டே நாளில் ரெடிஸ் 7.2.4 நிரலிலிருந்து பிரிந்த மாற்று மென்பொருளான வால்கீயை லினக்ஸ் ஃபவுண்டேஷன் அறிவித்தது. 2025 மே மாதம் ரெடிஸ் 8-ல் ஏஜிபிஎல் என்ற திறமூல உரிமமும் ஒரு தேர்வாகச் சேர்ந்தது.

கே: எங்களிடம் ரெடிஸ் 7.0, 20 ஜிபி தரவு. சேவையை நிறுத்தாமல் மாறலாமா?

ப: சில விநாடி தரவு எழுதுவதை நிறுத்தினால் போதும். முதலில் பேக்கப் எடுத்து, வேறொரு மெஷினில் ஏற்றிப் பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப் பேக்கப்பே அல்ல.

பிறகு வால்கீயைத் தனி சர்வரில் நிறுவி, பழையதன் ரெப்ளிகாவாக்குங்கள் (அதன் தரவைத் தொடர்ந்து பெறும் நகல்). பழைய சர்வருக்குப் பாஸ்வேர்டு இருந்தால் அதை வால்கீயின் மாஸ்டர்ஆத் அமைப்பில் போட மறக்க வேண்டாம். இணைப்பு ஏறவில்லை என்று வருபவர்களில் பலர் அதைத்தான் விட்டிருப்பார்கள்.

பெரிய தரவில் மாட்டுவது வேறு இடம். முழு ஒத்திசைவு (மொத்தத் தரவும் நகலாவது) நடக்கும்போது புதிதாக எழுதப்படுபவை பழைய சர்வரின் பஃபரில் (தற்காலிக நினைவகத்தில்) சேரும். இயல்பு வரம்பு 256 எம்பி, அல்லது 60 விநாடி தொடர்ந்து 64 எம்பி. தாண்டினால் இணைப்பை வெட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கும்; அடுத்த முறையும் தாண்டும், முடிவே வராது. ரேம் இருக்கிறதா என்று பார்த்து அந்த வரம்பை 2 ஜிபி ஆக்குங்கள். வெறும் 1 எம்பியாக இருக்கும் பேக்லாகையும் (இணைப்பு அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர உதவும் பதிவு) 256 எம்பி ஆக்குங்கள். இரண்டும் பழைய சர்வரில், ரீஸ்டார்ட் இல்லாமலே செய்யலாம்.

இணைப்பு 'அப்' என்று காட்டியதும் தரவு எழுதுவதை நிறுத்தி, இரு பக்க ஆஃப்செட்டும் (எதுவரை நகலானது என்ற எண்) சமமா என்று பாருங்கள். சமமானால் ரெப்ளிகா நிலையை நீக்கி, அப்ளிகேஷனைப் புது முகவரிக்குத் திருப்புங்கள். வரிசை மாறினால் 'ரீட்ஒன்லி' (படிக்க மட்டும்) பிழை வரும்.

கே: அப்ளிகேஷனில் உள்ள கிளையன்ட் லைப்ரரியை மாற்ற வேண்டுமா?

ப: வேண்டாம். புரோட்டோகால் அதேதான்.

கே: 7.4-லிருந்து?

ப: இந்த வழியில் முடியாது. 7.4-ன் ஆர்டிபி (தரவைக் கோப்பாகச் சேமிக்கும் வடிவம்) பதிப்பு 12. வால்கீ 8 இயல்பாகப் படிப்பது 11 வரை. ரெப்ளிகா, டம்ப்–ரீஸ்டோர் (கீயை அப்படியே எடுத்து மறுபக்கம் போடுவது) இரண்டும் அதே பதிப்பு எண்ணில்தான் முட்டும். ஒவ்வொரு கீயையும் அதன் வகைக்கேற்பப் படித்து, டிடிஎல்லோடு (காலாவதி நேரத்தோடு) மறுபடி எழுதும் ஸ்கிரிப்ட் ஒரு வழி.

கே: பலர் இலவசமாகப் பங்களித்த நிரலை நிறுவனம் எடுத்துக்கொண்டது துரோகம் இல்லையா?

ப: பிஎஸ்டி அதை அனுமதிக்கிறது. அதே பிஎஸ்டிதான் வால்கீயையும் அனுமதித்தது.

கே: சட்டம் கேட்கவில்லை, நியாயம் கேட்டேன். கிளவுட் கம்பெனிகள் சுரண்டின என்பீர்களா?

ப: பாதி உண்மை. ரெடிஸைச் சேவையாக விற்றுச் சம்பாதித்தார்கள், நிரலும் எழுதினார்கள். வால்கீயைத் தொடங்கியவர்களில் ஒருவரான அமேசானின் மேட்லின் ஓல்சன் ரெடிஸ் மையக் குழுவிலேயே இருந்தவர். என் குறை உரிமத்தை மாற்றியதில் இல்லை, அதைத் திடுதிப்பென்று அறிவித்ததில்தான்.

கே: அப்படியானால் ஏஜிபிஎல் வந்தபின் ரெடிஸ் 8-ஐயே வைத்துக்கொள்ளலாமே?

ப: தாராளமாக. ஏஜிபிஎல்படி, ரெடிஸ் நிரலைத் திருத்தி, அதை நெட்வொர்க் வழியே பிறர் பயன்படுத்த விட்டால், திருத்திய நிரலை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். திருத்தாமல் கேஷாக (தற்காலிகச் சேமிப்பாக) ஓட்டுபவருக்கு அந்தக் கவலை இல்லை. உங்கள் கம்பெனி ஏஜிபிஎல்லைத் தடை செய்திருக்கிறதா என்று மட்டும் சட்டப் பிரிவில் கேளுங்கள்.

கே: வால்கீ நிறுவினேன், இன்ஃபோ கட்டளையில் ரெடிஸ் 7.2.4 என்கிறது. தவறான பேக்கேஜா?

ப: இல்லை. பழைய கருவிகள் குழம்பாமலிருக்க அப்படிக் காட்டும். பக்கத்திலேயே வால்கீ பதிப்பு தனி வரியில் இருக்கும்.

கே: 7.4.1-லிருந்து ரெப்ளிகா வழியாக மாறலாமா?

ப: மேலே படியுங்கள். பேக்கப்பைத் திறந்து பார்த்தீர்களா?